அரகோன் நாட்டில் அரசிகள் ஆண்டது எப்படி?

கேள்வி இது: இடைக்கால ஸ்பெயினின் அரகோன் அரசர்களுடைய பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு மனைவிகள். அதிலும் லியோனோர், மரியா என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தப் பெண்களுக்கு ஆட்சியில் பங்கு இருந்ததா, வாரிசு பெற்றுக் கொடுத்ததோடு சரியா?

பங்கு இருந்தது. அந்தக் கால ஐரோப்பாவில் அரிதாகவே காணக்கூடிய அளவுக்கு இருந்தது. ஒரு பெண் தன் பிறப்புரிமையால் அரகோனின் அரியணை ஏறுவதை அந்நாட்டு வழக்கம் ஏற்கவில்லை. அதே நாட்டில்தான் அரசரின் மனைவி சட்டப்படி பதவியேற்று, பேரவையைக் கூட்டி, வரி கேட்டு, நீதி வழங்கி, படை திரட்டி ஆண்டு வந்தார். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நடந்தன என்பதுதான் அரகோன் அரசிகளின் வரலாறு.

முதலில் அந்த அரசின் அமைப்பு. 1035-இல் பிரனீஸ் மலையடிவாரத்தில் ஒரு சிற்றரசாகத் தொடங்கியது அரகோன். 1137-இல் பார்சிலோனாவின் கோமகனோடு மண உறவு ஏற்பட்டதால் கத்தலோனியா சேர்ந்தது. பிறகு மயோர்க்கா, வலென்சியா, சிசிலி, சார்டினியா, கடைசியில் நேப்பிள்ஸ். இவை ஒரே நாடாகக் கலந்துவிடவில்லை. அரகோன், கத்தலோனியா, வலென்சியா ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி நாணயம், தனித்தனிப் பேரவை. அரசர் மட்டும் ஒருவர். அவர் வலென்சியாவில் இருந்தால் பார்சிலோனாவில் இல்லை; சிசிலிக்குக் கப்பல் ஏறினால் எங்குமே இல்லை. அவருடைய இடத்தில் யாராவது உட்கார்ந்தாக வேண்டும். அப்படி உட்கார்பவருக்கு ‘லுகார்தெனியென்தே’ என்று பெயர். ‘இடத்தில் இருப்பவர்’ என்றே அதற்குப் பொருள். அந்த இடம் மெல்ல மெல்ல அரசியிடம் வந்து சேர்ந்தது.

பட்டியல் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே அரசருக்கு அரகோனில் ஓர் எண், கத்தலோனியாவில் வேறோர் எண் இருக்கும். அரகோனின் நான்காம் பேத்ரோ, கத்தலான் நூல்களில் ‘மூன்றாம் பேரே’ (பேத்ரோ என்ற பெயரின் கத்தலான் வடிவம்). நான் இங்கே அரகோன் எண்களையே தருகிறேன்.

கதை பெத்ரோனிலாவிடமிருந்து தொடங்க வேண்டும். சரகோசா நகரை 1118-இல் வென்ற முதலாம் அல்ஃபோன்சோவுக்குப் பிள்ளை இல்லை. லியோன், கஸ்தீயா நாடுகளின் அரசி உர்ராக்காவை 1109-இல் மணந்தார். அந்த மணம் சண்டையிலும் போரிலும் முறிந்தது. அவர் எழுதிய உயில் ஐரோப்பாவையே திகைக்க வைத்திருக்கும். தன் நாடு முழுவதையும், சிலுவைப் போர்க் காலத்துத் துறவியர் அமைப்புகளான கோயில் வீரர் சபை, மருத்துவமனை வீரர் சபை, ஜெருசலேமின் புனிதக் கல்லறைச் சபை ஆகிய மூன்றுக்கும் எழுதி வைத்துவிட்டார். 1134-இல் அவர் இறந்ததும் பிரபுக்கள் உயிலைக் கண்டுகொள்ளவே இல்லை. துறவியாக இருந்த அவருடைய தம்பி ரமீரோவை மடத்திலிருந்து அழைத்து வந்து அரசராக்கினார்கள்.

துறவிக்கு உடனே ஒரு மனைவி வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஆண்மக்களைப் பெற்றிருந்த விதவையான போய்த்து நாட்டு ஆக்னஸை மணந்தார். 1136-இல் பெத்ரோனிலா பிறந்தார். மறு வருடமே, குழந்தைக்கு ஒரு வயது நிரம்பியும் நிரம்பாத நிலையில், பார்சிலோனாவின் கோமகன் நான்காம் ரமோன் பெரெங்கெருக்கு நிச்சயம் செய்து, ஆட்சியையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு ரமீரோ மடத்துக்குத் திரும்பினார். ஆக்னஸ் ஃபோன்தெவ்ரோ மடத்தில் ஒதுங்கினார். மகள் தவழ்கிற வயதில் பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு மடத்தில்.

திருமணம் 1150-இல் லெய்தாவில் நடந்தது. கணவர் அரகோனை ஆண்டார், ஆனால் தன்னை அரசர் என்று ஒருபோதும் எழுதிக்கொள்ளவில்லை. ‘அரகோனின் இளவரசர்’ என்றே கையெழுத்து. அரசர் என்ற பட்டம் இறக்கும்வரை ரமீரோவிடம் இருந்தது. அரசி என்ற பட்டம் பெத்ரோனிலாவிடம் இருந்தது. 1152-இல், பார்சிலோனாவில் பிரசவ வலியில் படுத்திருந்தபடியே, அவர் ஓர் உயில் எழுதச் செய்தார். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றிலேயே மனத்தை அதிகம் உலுக்கும் ஆவணம் அதுதான். வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால் நாடு அவனுக்கு. பெண்ணாக இருந்தால் நாடு கணவருக்கு, மகளுக்குத் தக்க இடத்தில் மணம் முடித்து வைப்பது அவர் பொறுப்பு. தானே ஒரு மகளாக இருந்து நாட்டைப் பெற்றவர், தன் மகள் அதைப் பெறக்கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. கணவர் 1162-இல் இறந்தபின் 1164-இல் தன் உரிமை முழுவதையும் சிறுவனான மகன் இரண்டாம் அல்ஃபோன்சோவுக்குக் கொடுத்து விலகினார். 1173-இல் பார்சிலோனாவில் இறந்தார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகள், அரகோனுக்குப் பிறப்புரிமையால் ஆளும் அரசி இல்லை. பெண் வழியாக உரிமை கடந்து போகலாம், பெண்ணிடம் தங்கக்கூடாது என்பது வழக்கமாயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மனைவிகளின் பக்கம் வருவோம்.

இரண்டாம் அல்ஃபோன்சோவின் மனைவி, கஸ்தீயா நாட்டு சாஞ்சா. 1188-இல் சிஹேனா மடத்தை நிறுவியவர். மருத்துவமனை வீரர் சபையைச் சேர்ந்த பெண்களுக்கான மடம் அது. அரச ஆவணங்களில் ஒரு பகுதி சில காலம் அங்கேதான் காக்கப்பட்டது. போரில் இறந்த அவருடைய மகன் இரண்டாம் பேத்ரோவும் அங்கேதான் அடக்கம். 1936-இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் அம்மடம் எரிக்கப்பட்டது. தப்பிய சுவரோவியங்கள் பார்சிலோனாவின் அருங்காட்சியகத்துக்குப் போய், அவை யாருக்குச் சொந்தம் என்று அரகோனும் கத்தலோனியாவும் நம் காலம்வரை வழக்காடும்படி ஆயிற்று.

அந்த இரண்டாம் பேத்ரோவின் மனைவி மரியா, தென் பிரான்சின் மோன்பெலியே நகருக்கு உரிமையாளர். பேத்ரோ விரும்பியது நகரை. 1204-இல் மணந்துகொண்டு, கொஞ்ச காலத்திலேயே மணத்தை ரத்து செய்யப் போப்பாண்டவரிடம் மனுப் போட்டார். மரியா விட்டுக்கொடுக்கவில்லை. தானே ரோமுக்குப் போய் வழக்காடினார். 1213 ஜனவரியில் போப் மூன்றாம் இன்னசென்ட் மரியாவின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஏப்ரலில் ரோமிலேயே மரியா இறந்தார். செப்டம்பரில் முரே போர்க்களத்தில் பேத்ரோ இறந்தார். ஐந்து வயது மகன் ஹைமே, தந்தையைத் தோற்கடித்த சிமோன் தெ மோன்ஃபோரின் கையில் இருந்தான். மரியா தன் உயிலில் மகனைப் போப்பின் பாதுகாப்பில் ஒப்படைத்திருந்தார். மறு வருடம் போப்பின் கட்டளைக்குப் பணிந்து மோன்ஃபோர் சிறுவனை விடுவித்தார். அரகோனின் மிகப் பெரிய அரசர் உயிரோடு அரியணைக்கு வந்ததில், கணவர் துரத்திவிட நினைத்த இந்தப் பெண்ணின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த ஹைமே பிற்காலத்தில் தன் வரலாற்றைத் தானே சொல்லி எழுத வைத்தார். தனக்குப் பெயர் வைத்த கதையும் அதில் வருகிறது. தாய் ஒரே நீளம், ஒரே எடையில் பன்னிரண்டு மெழுகுவர்த்திகள் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தூதரின் பெயரிட்டு ஒரே நேரத்தில் ஏற்றி வைத்தாராம். எது கடைசிவரை எரிகிறதோ அந்தப் பெயர் பிள்ளைக்கு. யாக்கோபின் மெழுகுவர்த்தி மற்றவற்றைவிட மூன்று விரல் அகலம் கூடுதலாக நின்றது. ஹைமே என்பது யாக்கோபு என்ற பெயரின் ஸ்பானிய வடிவங்களில் ஒன்று.

ஹைமேயின் இரண்டாவது மனைவி வியோலான்ட், ஹங்கேரி அரசரின் மகள், 1235-இல் மணம். வலென்சியாவைப் பிடிக்கும் முயற்சியில் எல் புய்க் என்ற குன்றுக் கோட்டையில் தங்கியிருந்த வீரர்கள், அரசர் ஊர் திரும்பினால் தாங்களும் போய்விடுவார்கள் என்ற நிலை. நான் போகமாட்டேன் என்று அரசர் சத்தியம் செய்தார். வெறும் வாய்வார்த்தையை யார் நம்புவார்கள்? மனைவியையும் மகளையும் அங்கேயே வரவழைப்பதாகச் சொன்னார். அரசி வருவதே சத்தியத்துக்குச் சாட்சி. நகரம் பணிய முன்வந்து தூதர் வந்தபோது, தன் பிரபுக்களை வெளியே வைத்துவிட்டு, வியோலான்ட் மட்டும் உடனிருக்கப் பேசி முடித்ததாகவும் அரசரே சொல்கிறார். 1238 அக்டோபரில் வலென்சியா கைமாறியது. மனைவியை ஆலோசகராக நடத்தியதை மறைக்க வேண்டிய செய்தியாக அவர் நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தவர் கோன்ஸ்தான்சா. இவர் வந்திராவிட்டால் சிசிலி அரகோனுக்கு வந்திருக்காது. தந்தை மான்ஃப்ரெட், சிசிலியின் அரசர். 1266-இல், சிசிலியைக் கைப்பற்ற வந்த பிரெஞ்சு இளவரசர் அஞ்ஜூவின் சார்லஸோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். மகள் அதற்கு முன்பே, 1262-இல், மூன்றாம் பேத்ரோவை மணந்திருந்தார். 1282 ஈஸ்டர் திங்களன்று பலெர்மோவில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, மனைவியின் உரிமையைச் சொல்லித்தான் பேத்ரோ தீவில் கால் வைத்தார். மறு வருடம் அவர் திரும்ப வேண்டி வந்ததும், கோன்ஸ்தான்சா பிள்ளைகளோடு சிசிலிக்குப் போய் ஆட்சியைக் கையில் எடுத்தார். அக்காலக் கடற்படைத் தலைவர்களில் நிகரற்றவராக இருந்த ரோஜர் தெ லாவுரியா யார் தெரியுமா? கோன்ஸ்தான்சாவோடு இத்தாலியிலிருந்து துணைக்கு வந்த பெண்ணின் மகன். புகுந்த வீட்டுக்கு அவர் கொண்டுவந்தவற்றில் ஒரு தளபதியும் அடக்கம்.

மூன்றாம் அல்ஃபோன்சோ மணம் முடியும் முன்பே இறந்தார், அவரை விட்டுவிடலாம். இரண்டாம் ஹைமேவின் நான்கு மணங்களில் முதலாவது, சிறுமியாக இருந்த கஸ்தீயா இளவரசியோடு நடந்து ரத்தானது. அஞ்ஜூவின் பிளான்கா பத்துப் பிள்ளைகளைப் பெற்று 1310-இல் மறைந்தார். சைப்ரஸ் நாட்டு மரியாவுக்குப் பிள்ளைகள் இல்லை. நான்காமவர் எலிசெந்தா தெ மோன்காதா. வெளிநாட்டு இளவரசி அல்லர், கத்தலோனியாவின் உயர்குடிப் பெண். 1322-இல் மணந்தவர், 1327-இல் விதவையானார். கணவர் சாவதற்குச் சற்று முன்பு பார்சிலோனாவின் புறத்தே பெத்ரால்பெஸ் மடத்தை நிறுவி, அதையொட்டித் தனக்கொரு மாளிகை கட்டிக்கொண்டு, 1364 வரை 37 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அவருடைய கல்லறையை நேரில் பார்ப்பவர்கள் அதன் இரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கோயிலுக்கும் உள்முற்றத்துக்கும் நடுவே உள்ள சுவரில் அது அமைந்திருக்கிறது. கோயில் பக்கம் முடியணிந்த அரசியாகப் படுத்திருக்கிறார். முற்றத்துப் பக்கம் அதே பெண், எளிய உடையில், தவம் பூண்ட விதவையாக.

எல்லா அரசிகளையும் நாடு அன்போடு ஏற்றது என்று சொன்னால் பொய்யாகும். நான்காம் அல்ஃபோன்சோவின் இரண்டாம் மனைவி லியோனோர், கஸ்தீயா அரசரின் அக்கா. கணவருக்கு முதல் தாரத்து மூத்த மகன் இருந்தான். தன் மகனுக்கும் சொத்து வேண்டுமே என்று வலென்சியா நாட்டின் முக்கியமான ஊர்களை அரசரிடம் வாங்கினார். அரசருக்கு நேரே உரியவையாக இருக்க வேண்டிய ஊர்களைப் பிரித்துக் கொடுக்கக்கூடாது என்று வலென்சியா நகரம் கொதித்தது. கியேம் தெ வினாதேயா என்ற நகரப் பிரதிநிதி அரசர் முன் நின்று, தலையே போனாலும் சரி, இதை ஏற்கமாட்டோம் என்றார். என் தம்பியாக இருந்தால் இவர்கள் கழுத்தை அறுத்திருப்பார் என்று அரசி சீறினாராம். அதற்கு அரசர், நம் மக்கள் சுதந்திரமானவர்கள், கஸ்தீயா மக்களைப் போல் அடங்கிக் கிடப்பவர்கள் அல்லர் என்ற பொருளில் பதில் சொன்னதாக அந்த மூத்த மகனின் வரலாற்றுக் குறிப்பில் இருக்கிறது. மாற்றாந்தாயைப் பிடிக்காத மகன் எழுதியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் பிறந்த வீட்டு அரசியல் வழக்கம் புகுந்த வீட்டில் செல்லாது என்பது அந்தக் காட்சியில் தெளிவாகத் தெரிகிறது.

அந்த மகன்தான் நான்காம் பேத்ரோ, 1336 முதல் 1387 வரை ஆண்டவர். சடங்குகளில் மிகுந்த கவனம் உள்ளவர். அரசர் பலிபீடத்திலிருந்து முடியைத் தானே எடுத்துச் சூடிக்கொள்ள வேண்டும், பிறகு அரசிக்குத் தன் கையால் சூட்ட வேண்டும் என்று முறை வகுத்தவர். நான்கு மனைவிகள்: நவார்ரே நாட்டு மரியா; கொள்ளைநோயில் 1348-இல் இறந்த போர்ச்சுகல் நாட்டு லியோனோர்; கணவருக்கு ஆட்சியில் வலுவான துணையாக நின்ற சிசிலி நாட்டு லியோனோர்; கடைசியாக சிபிலா தெ ஃபோர்தியா. சிபிலா சிறு பிரபுக் குடும்பத்து விதவை. முதியவரான அரசர் அவரை 1377-இல் மணந்து, 1381-இல் சரகோசாவில் முடிசூட்டினார். மூத்த தாரத்துப் பிள்ளைகள் மன்னிக்கவே இல்லை. 1387 ஜனவரியில் அரசர் உயிர் பிரியும் வேளையில் சிபிலா அரண்மனையை விட்டு ஓட வேண்டியிருந்தது. பிடிபட்டார், சிறைப்பட்டார், சொத்துகள் புதிய அரசி வியோலான்ட் தெ பாரின் கைக்குப் போயின. கணவர் சூட்டிய முடி, கணவரின் மூச்சு உள்ளவரைதான் அவரைக் காத்தது.

புதிய அரசர், நான்காம் பேத்ரோவின் மகன் முதலாம் ஹுவானுக்கு வேட்டையிலும் இசையிலும் ஆர்வம், நோயும் உண்டு. வியோலான்ட் தெ பார் பல சமயம் அவர் இடத்தில் இருந்து ஆண்டார். 1396 மே மாதம் வேட்டைக்குப் போன இடத்தில் ஹுவான் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. இரண்டு மகள்கள் இருந்தார்கள். வழக்கப்படி அவர்களுக்கு இடமில்லை. தம்பி மார்ட்டின் அப்போது சிசிலியில். கடல் கடந்து செய்தி போய், அவர் திரும்புவதற்கு ஒரு வருடம் ஆயிற்று.

அந்த ஒரு வருடம் அரகோனைக் காப்பாற்றியவர் மார்ட்டினின் மனைவி மரியா தெ லூனா. அரகோனின் செல்வம் மிக்க குடும்பம் ஒன்றின் வாரிசு. கணவரின் சிசிலிப் படையெடுப்புக்குத் தன் நிலங்களை அடகு வைத்தவர். பார்சிலோனாவில் அரசியாக அறிவிக்கப்பட்டதும் வேலையில் இறங்கினார். விதவை வியோலான்ட், தான் கருவுற்றிருப்பதாகச் சொன்னார். அது உண்மையாகி ஆண்குழந்தை பிறந்தால் மார்ட்டினுக்கு அரியணை இல்லை. மரியா அவரோடு சண்டையிடவில்லை. விவரம் தெரிந்த மூத்த பெண்களை அவர் அருகிலேயே இருத்திக் கவனிக்கச் செய்தார். கர்ப்பம் இல்லை என்பது வெளிப்பட்டது. ஹுவானின் மூத்த மகளை மணந்திருந்த ஃபோயி கோமகன் மனைவியின் உரிமையைச் சொல்லி மலைக்கணவாய் வழியே படையோடு புகுந்தார். மரியா பேரவையிடம் பணம் வாங்கி, படை அனுப்பி, அவரைத் திருப்பி அனுப்பினார். 1397 மே மாதம் மார்ட்டின் வந்து இறங்கியபோது நாடு அவருக்காகக் காத்திருந்தது.

மரியா 1406-இல் இறந்தார். ஒரே மகன் 1409-இல் இறந்தான். மறுமணம் செய்தும் பிள்ளையின்றி மார்ட்டின் 1410-இல் கண் மூடினார். அரியணைக்கு உரியவர் யார் என்று ஒன்பது பேர் காஸ்பே நகரில் கூடி 1412-இல் முடிவு செய்தார்கள். வென்றவர் கஸ்தீயாவின் ஃபெர்னாண்டோ. அவர் உரிமை எப்படி வந்தது? தாய் வழியாக, நான்காம் பேத்ரோவின் மகள் அவருடைய தாய். பெண் ஆளக்கூடாத நாட்டில், ஒரு பெண்ணின் வழியாகவே புதிய வம்சம் வந்தது.

இனி நான் மிகவும் மதிக்கும் அரசி: கஸ்தீயாவின் மரியா. ஃபெர்னாண்டோவின் மகன் ஐந்தாம் அல்ஃபோன்சோவை 1415-இல் வலென்சியாவில் மணந்தபோது வயது 13. கணவர் 1420 முதல் 1423 வரை இத்தாலியில். 1432-இல் மறுபடி போனவர் திரும்பவே இல்லை. 1442-இல் நேப்பிள்ஸைப் பிடித்து அங்கேயே தங்கிவிட்டார். மரியா அவர் இடத்தில் இருந்து ஆண்டார். கத்தலோனியாவில் 1453 வரை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கணவர் முகம் பார்க்காமல், கடிதங்களின் வழியாகவே இருவரும் ஒரு நாட்டை நடத்தினார்கள். 1435-இல் பொன்சா கடற்போரில் ஜெனோவாக்காரர்கள் அல்ஃபோன்சோவைச் சிறைபிடித்தபோது, பேரவையைக் கூட்டி நிலைமையைச் சமாளித்தவர் இவர். நிலத்தோடு கட்டுண்டு கிடந்த கத்தலோனிய உழவர்களுக்கும் அவர்களுடைய பிரபுக்களுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் நின்றார். 1429-இல் பிறந்த வீட்டுப் படையும் புகுந்த வீட்டுப் படையும் எதிரெதிரே நின்றபோது, நடுவில் தன் கூடாரத்தை அடிக்கச் சொல்லிச் சண்டையை நிறுத்திய நிகழ்ச்சியும் உண்டு. ஒரு பக்கம் தம்பி, மறுபக்கம் கணவர்.

அவருக்குப் பிள்ளை இல்லை. கணவர் நேப்பிள்ஸில் லுக்ரேசியா என்ற பெண்ணோடு வாழ்ந்தார். மரியாவோடான மணத்தை ரத்து செய்யப் போப்பிடம் கேட்டும் கிடைக்கவில்லை. 1458 ஜூனில் அல்ஃபோன்சோ இறந்தார், செப்டம்பரில் மரியா. வலென்சியாவில் அவர் நிறுவிய மடத்திலேயே அடக்கம். கல்லறையைவிட அவருடைய கடிதப் பதிவேடுகளே அவருக்குச் சரியான நினைவு என்பேன். இரண்டாம் ஹைமே 1318-இல் தொடங்கிய அரச ஆவணக் காப்பகம் பார்சிலோனாவில் இன்றும் இயங்குகிறது. அரசிகளின் பதிவேடுகளும் அங்கே காக்கப்பட்டதால்தான் இவ்வளவு நுணுக்கமாக நம்மால் பேச முடிகிறது.

அல்ஃபோன்சோவுக்குப் பின் அவருடைய தம்பி இரண்டாம் ஹுவான் அரசரானார். அவர் மனைவி ஹுவானா என்ரிகெஸ், கத்தலோனியா கிளர்ந்தெழுந்த 1462-இல் பத்து வயது மகனோடு ஹிரோனா கோட்டைக்குள் முற்றுகையைத் தாங்கியவர். அந்த மகன்தான் கஸ்தீயாவின் இசபெல்லாவை மணந்த ஃபெர்னாண்டோ.

ஃபெர்னாண்டோவின் காலத்தில் பழைய கேள்வி திரும்ப வந்தது. ஒரே மகன் 1497-இல் இறந்தான். மூத்த மகள் இசபெல்லாவை வாரிசாக ஏற்கும்படி 1498-இல் சரகோசா பேரவையைக் கேட்டபோது, பெண்ணுக்கு உறுதிமொழி செய்ய முடியாது என்று இழுத்தடித்தார்கள். அதே நகரில், அதே ஆண்டு அவர் பிரசவத்தில் இறந்தார். பிறந்த ஆண்குழந்தைக்கு உடனே உறுதிமொழி செய்தார்கள். அக்குழந்தையும் 1500-இல் இறந்தது. வேறு வழியின்றி 1502-இல் அடுத்த மகள் ஹுவானாவை, பிறகு தந்தைக்கு ஆண்குழந்தை பிறந்தால் உரிமை மாறும் என்ற நிபந்தனையோடு ஏற்றார்கள். அந்த நிபந்தனை கிட்டத்தட்ட பலித்தது. இரண்டாம் மனைவி ஜெர்மேனுக்கு 1509 மே மாதம் ஓர் ஆண்குழந்தை பிறந்து, சில மணி நேரத்தில் இறந்தது. அவன் வாழ்ந்திருந்தால் அரகோனும் கஸ்தீயாவும் மறுபடி பிரிந்திருக்கும்.

1516-இல் ஃபெர்னாண்டோ இறந்ததும், பெத்ரோனிலாவுக்குப் பிறகு முதல் முறையாக அரகோன் ஒரு பெண்ணின் பெயருக்கு வந்தது. அப்போது ஹுவானா தொர்தெசீயாஸ் அரண்மனையில் அடைக்கப்பட்டிருந்தார். 1555-இல் அங்கேயே இறந்தார். ஆட்சி முழுவதும் மகன் கார்லோஸின் கையில் இருந்தது. ஆனாலும் அரகோன் பேரவை அவரைத் தாயோடு இணைந்த அரசராகவே ஏற்றது.